புதிய காய்கறிகளில் தக்காளி சூப்: புளிப்பும் நீர்த்தன்மையும் எங்கிருந்து வருகின்றன?

ஜூன் 2, வாசகர் கேள்வி

நன்கு சிவந்த தக்காளி, வெங்காயம், கேரட், செலரி ஆகியவற்றை நறுக்கி ஒரே பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி வேகவைத்து, மிக்சியில் அரைத்து வடிகட்டுகிறேன். சூப் வெளிறிய நிறத்தில் வருகிறது, புளிக்கிறது, கிண்ணத்தில் ஊற்றிய சிறிது நேரத்திலேயே ஓரங்களில் தண்ணீர் பிரிந்து நிற்கிறது. கேரட்டை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் முழுமையாக மசிவதில்லை. சர்க்கரையும் கிரீமும் சேர்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

ஜூன் 2, இரவு

நீங்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாத்திரத்தில் போடுவதிலிருந்து தொடங்குகின்றன. நல்ல தக்காளி சூப்புக்குப் பொருள்களின் பட்டியலைவிட அவை பாத்திரத்துக்குள் போகும் வரிசையே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கேரட்டைப் பார்ப்போம். காய்கறிகளின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின், வெந்நீரில் மெல்லக் கரைவதால்தான் காய் மென்மையாகிறது. அமிலம் மிகுந்த நீரில் அந்தக் கரைதல் மிகவும் மந்தமாகிவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு (அது குறையக் குறைய அமிலம் கூடுதல்) தக்காளியில் பெரும்பாலும் 4.2-க்கும் 4.9-க்கும் இடையில் இருப்பதால், தக்காளிச் சாற்றில் மூழ்கிய கேரட்டும் வெங்காயமும் மணிக்கணக்கில் கொதித்தாலும் நடுவில் ஒரு கடினத்தை விடாமல் வைத்திருக்கும். அரைக்கும்போது அதுவே நெருநெருவென்ற துகளாக நாக்கில் படுகிறது.

ஆகவே 1 கிலோ தக்காளிக்கு 150 கிராம் வெங்காயம், 100 கிராம் கேரட், ஒரு செலரித் தண்டு, நான்கு பல் பூண்டு என்று எடுத்துக்கொண்டு, தக்காளி தவிர்த்த மற்றவற்றைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயிலோ வெண்ணெயிலோ ஒரு சிட்டிகை உப்புடன் சேர்த்து, மூடிவைத்து, மிகக் குறைந்த தீயில் 20 நிமிடம் வரை வதக்குங்கள். வெங்காயம் பழுப்பாக வேண்டியதில்லை. அது கண்ணாடிபோல் ஆகித் தன் இனிப்பை வெளிவிட்டால் போதும். கேரட் துண்டு ஒன்றைக் கரண்டியின் முதுகால் அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் நசுங்க வேண்டும். அதுவரை தக்காளி பாத்திரத்தின் பக்கம் வரவே கூடாது.

ஜூன் 3

தண்ணீர் பிரிவதைப் பற்றி நேற்று எழுதாதது மறதியால் அன்று. அது தனியே எழுத வேண்டிய செய்தி என்பதால் ஒதுக்கிவைத்தேன்.

தக்காளியை வெட்டியவுடன், அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த நொதிகள் பெக்டினோடு கலந்து அதைத் துண்டாடத் தொடங்குகின்றன. வெட்டிய தக்காளி அறைவெப்பத்தில் காத்திருந்தாலும், மிதமான தீயில் மெல்ல மெல்லச் சூடேறினாலும் இந்தச் சிதைவு தடையின்றி நடக்கும். பெக்டின் உடைந்த சாற்றுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைவு. சதை கீழே படிய, தெளிந்த நீர் மேலேயும் ஓரத்திலும் நிற்கும். கொதிநிலையை நெருங்கும் வெப்பத்தில் இந்த நொதிகள் விரைவில் செயலிழந்துவிடுகின்றன. தக்காளி விழுது தயாரிக்கும் ஆலைகளிலும் இதே அடிப்படையில் இரண்டு முறைகள் உண்டு: நொறுக்கியவுடனே கடுஞ்சூட்டுக்குக் கொண்டுபோனால் கெட்டியான விழுது கிடைக்கும், குறைந்த சூட்டில் நொறுக்கினால் நீர்த்த, ஆனால் மணம் கூடிய சாறு கிடைக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. காய்கறிகள் மென்மையான பிறகு தீயைக் கூட்டுங்கள். தக்காளியில் நான்கில் ஒரு பங்கை மட்டும் வெட்டி நேராகச் சூடான பாத்திரத்தில் போட்டு, நசுக்கிக் கொதிக்கவிடுங்கள். அது கொதித்த பின் அடுத்த பங்கை வெட்டிச் சேருங்கள். கொதி ஒருபோதும் அடங்காதபடி இவ்வாறு சேர்த்துக்கொண்டே போனால், கிண்ணத்தின் ஓரத்தில் நீர் பிரிவது பெரும்பாலும் நின்றுவிடும். முந்தைய இரவே தக்காளியை வெட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் சமைப்பவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

ஜூன் 3, மாலை

பாத்திரத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: அடி கனமான எவர்சில்வர் அல்லது எனாமல் பூசிய பாத்திரம் போதும். பூச்சில்லாத அலுமினியத்தில் அமிலம் உலோகச் சுவையை இழுத்துவிடும். இரும்புச் சட்டியில் நெடுநேரம் கொதித்தாலும் அப்படித்தான்.

ஜூன் 4

தண்ணீரின் அளவைப் பற்றி. தக்காளியில் 94 அல்லது 95 சதவீதம் தண்ணீரே. 1 கிலோ தக்காளியில் மிஞ்சும் திடப்பொருள் சுமார் 50 முதல் 60 கிராம். அதற்குள்தான் சர்க்கரை, அமிலம், நார், நிறம், சுவை அனைத்தும் அடங்கியிருக்கின்றன. இதன்மேல் "மூழ்கும் அளவு" தண்ணீர் ஊற்றினால் இருக்கும் சிறு திடமும் பாதியாக நீர்த்துப்போகும். டப்பா சூப்புகள் பெரும்பாலும் தக்காளி விழுதிலிருந்து செய்யப்படுகின்றன. விழுதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு திடப்பொருள் இருப்பதால், அவர்கள் அடர்த்தியான ஒன்றை நீர்க்கச் செய்கிறார்கள். நாமோ நீர்த்த ஒன்றை அடர்த்தியாக்கப் பாடுபடுகிறோம். இந்த இரண்டு வழிகளையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமன்று.

எனவே தொடக்கத்தில் தண்ணீரே வேண்டாம். தக்காளி தன் சாற்றை விட்டபின் மூடியைத் திறந்துவைத்து, அகலமான பாத்திரத்தில் 20 முதல் 25 நிமிடம் கொதிக்கவிட்டு, நான்கில் ஒரு பங்கு வற்றியதும் அரையுங்கள். தேவையென்று தோன்றினால் அப்போது வெந்நீரோ காய்கறி வேகவைத்த நீரோ சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். குக்கரில் செய்யலாமா என்று கேட்டவருக்கும் இதுவே விடை: குக்கர் வேகத்தைத் தரும், ஆனால் ஆவியை வெளியே விடாது, அதில் வெந்த சூப்பைத் திறந்த பாத்திரத்துக்கு மாற்றி வற்றவைக்காமல் அடர்த்தி வராது.

ஜூன் 5

விதைப்பகுதியை வழித்து எறிந்துவிட்டால் புளிப்பும் நீர்த்தன்மையும் போய்விடும் என்று ஒருவர் அழுத்தமாக எழுதியிருந்தார். இதை நான் வலுவாக மறுக்கிறேன்.

ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908-இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து உமாமி (நாக்கில் நிறைந்து நிற்கும் ருசி) என்று பெயரிட்ட சுவைக்குக் காரணமான குளுட்டமேட் என்ற பொருள், பழுத்த தக்காளியில் இயல்பாகவே நிறைய உண்டு. அது சதையைவிட விதைகளைச் சுற்றியுள்ள கூழில்தான் பல மடங்கு செறிந்திருக்கிறது என்பதை 2007-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சமையற்கலைஞர் ஹெஸ்டன் ப்ளூமெந்தலும் அதில் பங்கேற்றார். கூழை எறிந்துவிட்டு, சூப் சப்பென்று இருக்கிறது என்று வெளியிலிருந்து சுவையூட்டி தேடுவது பொருளற்ற வேலை. விதை மட்டும் வேண்டாமென்றால், கூழை வடிகட்டியில் போட்டுக் கரண்டியால் தேய்த்துச் சாற்றைப் பாத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். விதை வடிகட்டியில் நிற்கும். மிக்சியில் விதையோடு நெடுநேரம் அரைப்பதை நானும் விரும்புவதில்லை. நொறுங்கிய விதை சூப்பை நறநறப்பாக்கும். சில சமயம் இலேசான கசப்பும் தலைகாட்டும்.

கூழில் அமிலமும் கூடுதலாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் புளிப்பைக் குறைப்பதற்காக முதன்மையான சுவையையே இழப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஜூன் 6

தோலை உரிக்கலாமா? அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை போட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் எளிதில் கழன்றுவரும். தோல் எவ்வளவு வெந்தாலும் கரையாது. அரைத்தால் சிறு சுருள்களாகி வடிகட்டாத சூப்பில் மிதக்கும்.

ஜூன் 6, சற்றுப் பின்

மேலே எழுதியதைப் பற்றி மறுபடி யோசித்தேன். சிவப்பு நிறத்துக்குக் காரணமான லைகோபீன் தோலிலும் அதை ஒட்டிய பகுதியிலும் செறிந்திருக்கிறது. அது கொழுப்பில் கரைவது. தக்காளி வெந்து, எண்ணெயும் சேர்ந்திருக்கும்போது உடல் அதை நன்றாக உறிஞ்சுகிறது. ஆகவே, எப்படியும் வடிகட்டப் போகிறீர்கள் என்றால் தோலோடு வேகவைத்து, கடைசியில் வடிகட்டியில் அழுத்தித் தேய்த்து எடுப்பதே சிறந்தது. நிறமும் கூடுதலாகக் கிடைக்கும். வடிகட்டாமல் காய்கறித் துண்டுகள் தென்படும்படி செய்கிறவர்கள் மட்டும் முன்கூட்டியே உரித்தால் போதும். எந்த முறையானாலும் காம்பை ஒட்டிய வெளிறிய கடினப் பகுதியைக் குடைந்து நீக்கிவிடுங்கள்.

ஜூன் 9

கேள்வி கேட்டவர் வரிசையை மாற்றிச் செய்து பார்த்ததாகவும், கேரட் மசிந்துவிட்டதாகவும், தண்ணீர் பிரியவில்லை என்றும், ஆனால் புளிப்பு இன்னும் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. புளிப்பைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும்.

தக்காளியின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் சிட்ரிக் அமிலம். மாலிக் அமிலம் அடுத்தது. காய் பழுக்கப் பழுக்கச் சர்க்கரையும் குளுட்டமேட்டும் கூடி, புளிப்பின் கூர்மை மங்கும். வெளியே சிவந்தும் உள்ளே வெளிறியும் இருக்கும் தக்காளி இந்த மாற்றத்தை முடிக்கவில்லை என்று பொருள். அதை நேரடி வெயில் படாத இடத்தில், காம்புப் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, அழுத்தினால் இலேசாகக் குழையும் பதம் வரும்வரை காத்திருங்கள். குளிர்பெட்டிக்குள் வைத்தால் பழுப்பது நின்றுவிடும், மணமும் போகும். 2016-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, 5 பாகை செல்சியஸில் ஒரு வாரம் இருந்த தக்காளியில் மணப்பொருள்களை உருவாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன. மீண்டும் அறைவெப்பத்துக்குக் கொண்டுவந்தாலும் அவை முழுமையாக மீள்வதில்லை. சூப்புக்கான தக்காளி மென்மையாகவும் சற்றுச் சுருங்கியும் இருந்தால் தவறில்லை. பூஞ்சை பிடித்ததையும் அழுகிய வாடை வீசுவதையும் மட்டும் விலக்கிவிடுங்கள்.

சர்க்கரை அமிலத்தைக் குறைப்பதில்லை. நாக்குக்கு அதை மறைத்துக் காட்டுகிறது, அவ்வளவே. அந்த மறைப்பைக் கேரட்டும் மெல்ல வதங்கிய வெங்காயமும் இன்னும் நயமாகச் செய்யும். அதனால்தான் அந்த 20 நிமிடத்தை எவரும் பத்தாகக் குறைக்கக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். உப்பும் சரியாக இருக்க வேண்டும். உப்புப் போதாத சூப் உண்மையில் இருப்பதைவிடப் புளிப்பாகத் தோன்றும். 1 லிட்டருக்கு 6 கிராமில் தொடங்கி, சுவைத்துப் பார்த்துக் கூட்டுங்கள்.

ஜூன் 9, இரவு

சமையல் சோடாவைப் பற்றி இருவர் நேரெதிரான கருத்துகளை எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அதை நஞ்சுபோல் பேசுகிறார். மற்றவர் அரைத் தேக்கரண்டி போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். சோடா அமிலத்தை உண்மையிலேயே நடுநிலையாக்கும். அப்போது எழும் கரியமில வாயுவால்தான் சூப் நுரைத்துப் பொங்குகிறது. 1 கிலோ தக்காளிக்குக் கால் தேக்கரண்டி போட்டால் அமிலத்தின் ஒரு பகுதி மட்டுமே நீங்கும். அதற்கு மேல் போனால் தக்காளியின் துடிப்பு போய், சவர்க்காரத்தை நினைவூட்டும் ஒரு மந்தச் சுவை நிற்கும். உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் சோடாவிலும் சோடியம் இருப்பதை மறக்கக் கூடாது. என் சமையலில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. பழுக்காத தக்காளியைத் தவிர வேறெதுவும் இல்லாத நாளில் ஒருவர் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டால் குறை சொல்லவும் மாட்டேன்.

ஜூன் 10

பால் திரிவது பற்றி. பாலின் கேசீன் புரதம் பி.எச். 4.6 அளவில் திரண்டுவிடும். தக்காளி சூப்பின் பி.எச். அதை ஒட்டியே இருப்பதால் கொதிக்கும் சூப்பில் குளிர்ந்த பாலை ஊற்றினால் திரியாமல் இருந்தால்தான் வியப்பு. கொழுப்பு மிகுந்த கிரீமில் புரதம் குறைவு. ஆகவே அது தாங்கும். அடுப்பை அணைத்து, கிரீமில் சூடான சூப்பை ஒரு கரண்டி ஒரு கரண்டியாகக் கலந்து இளஞ்சூடாக்கிய பிறகு அதை பாத்திரத்தில் சேருங்கள்; அதன்பின் கொதிக்கவிடாதீர்கள். பால்தான் வேண்டுமென்றால், அதில் முதலில் சிறிது மாவைக் கரைத்துக் காய்ச்சிக்கொண்டால் மாவுச்சத்து புரதத்தைத் திரளவிடாமல் ஓரளவு காக்கும்.

ஆனால் இந்த முறையில் செய்த சூப்புக்குக் கிரீம் தேவைப்படுகிறதா என்பதை முதலில் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பலமுறை நான் கிண்ணத்தை எடுத்துவைத்தும் ஊற்றாமலே விட்டிருக்கிறேன்.

ஜூன் 11

வெளிறிய நிறத்துக்கு இன்னும் விடை சொல்லவில்லை. மிக்சியை முழு வேகத்தில் ஓட்டும்போது காற்றும் எண்ணெயும் நுண்ணிய துளிகளாகச் சூப்பில் கலக்கின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் சிவப்பு ஆரஞ்சாக வெளிறுகிறது. சுவைக்கு இதனால் கேடில்லை. சிலருக்கு அந்த வழவழப்பே பிடிக்கும். ஆழ்ந்த சிவப்பு வேண்டுவோர் குறைந்த வேகத்தில் சிறிது நேரம் மட்டும் அரைத்து, வடிகட்டியில் தேய்த்து, மறுபடி அடுப்பில் ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டால் காற்று வெளியேறி நிறம் மீளும்.

சூடான சூப்பை மிக்சியில் அரைப்பதில் ஆபத்து உண்டு. ஆவி உள்ளே அடைபட்டு மூடியைத் தூக்கி எறியும். கொதிக்கும் சூப் கையிலும் முகத்திலும் தெறிக்கும். முதலில் ஆறவிடுங்கள், ஜாடியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், மூடியின் நடுவிலுள்ள சிறு அடைப்பை எடுத்துவிட்டு, மடித்த துணியால் பொத்திக்கொண்டு, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள்.

ஜூன் 13

மூன்றாம் தேதிக் குறிப்போடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வெட்டியவுடன் கொதிக்கவைத்தால் கெட்டியாகும் என்றேன். அதற்கு ஒரு விலை உண்டு: பெக்டினைச் சிதைக்கும் நொதிகளோடு, வெட்டிய கணத்தில் எழும் அந்த வேகாத தக்காளியின் புதுமணத்தை உருவாக்கும் நொதிகளும் செயலிழக்கின்றன. அந்த மணத்தில் முதன்மையானது ஹெக்செனல் என்ற பொருள். அது எளிதில் ஆவியாகிவிடுவதால் நெடுநேரம் கொதித்த சூப்பில் தங்குவதே இல்லை.

இரண்டையும் பெற ஒரு வழி இருக்கிறது. ஒரு நல்ல தக்காளியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். சூப் தயாராகும் தறுவாயில் அதைத் துருவி, தோலை எறிந்துவிட்டு, சாற்றைச் சில நிமிடம் அப்படியே வையுங்கள். மணம் உருவாக அந்த நேரம் வேண்டும். அடுப்பை அணைத்த பிறகு அதைச் சூப்பில் கலந்து உடனே பரிமாறுங்கள். இந்தக் குறிப்பு முழுவதிலும் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள் என்று கேட்கும் உரிமை எனக்கிருந்தால், இதைத்தான் கேட்பேன்.

ஜூன் 14

கெட்டிப்படுத்த மாவு சேர்க்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: சோள மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கடைசியில் சேர்த்து ஓரிரு நிமிடம் மட்டும் கொதிக்கவிடுங்கள். அமிலத்தில் நெடுநேரம் கொதித்தால் மாவுச்சத்து உடைந்து மறுபடி நீர்த்துவிடும். ஒரு சிறு உருளைக்கிழங்கைக் கேரட்டோடு முன்னதாகவே வேகவைத்து அரைப்பது எனக்கு இதைவிடப் பிடிக்கும்.

ஜூன் 17

அடுப்பில் சுட்டுச் செய்வதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தக்காளியை இரண்டாக வெட்டி, வெட்டுப்பக்கம் மேலே இருக்க அகன்ற தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, எண்ணெய் தெளித்து, ஓவனில் 200 பாகை செல்சியஸில் 40 நிமிடம் வைத்தால் ஓரங்கள் கருக்கத் தொடங்கும். தண்ணீர் வற்றி, சர்க்கரை பழுப்பேறி, சுவை ஆழமாகும். இடைவெளி விடாமல் குவித்தால் தக்காளி தன் ஆவியிலேயே வெந்துவிடும், சுடாது. வெங்காயத்தையும் பூண்டையும் தோலோடு அதே தட்டில் வைக்கலாம். கேரட்டை மட்டும் பொடியாக நறுக்கித் தனியே வேகவைத்துச் சேருங்கள். இந்தச் சூப்பில் தக்காளியின் புதுமணம் இராது. மழை நாளில் எனக்கு இது பிடிக்கும்; தக்காளி மிக நன்றாகக் கிடைக்கும் காலத்தில் அதை இப்படிச் சுட மனம் வருவதில்லை.

ஜூன் 21

தக்காளி நிறைய விளைந்தபோது சூப்பாகச் செய்து கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து அலமாரியில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். உயிருக்கே ஆபத்தான பொட்டுலிச நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் பி.எச். 4.6-க்கு மேல் காற்றில்லாத புட்டியில் வளரக்கூடியது. தக்காளியே அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது; அதோடு கேரட்டும் வெங்காயமும் செலரியும் சேர்ந்தால் கலவை எல்லையைத் தாண்டிவிடலாம். வெறும் கொதிநீரில் புட்டிகளை வேகவைத்தால் அதன் வித்துகள் அழியாது. நச்சு கலந்த உணவு கண்ணுக்கும் மூக்குக்கும் வேறுபாடே காட்டாமல் இருக்கலாம் என்பதால் இதில் துணிச்சலுக்கு இடமில்லை.

உறையவைப்பதே வீட்டுக்கு ஏற்ற வழி. சூப்பை ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி விரைவாக ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாட்கள் வரை வைக்கலாம். உறைபெட்டியில் மூன்று மாதங்கள் வரை சுவை பெரிதும் குறையாது. உறையும்போது சூப் விரிவடையும் என்பதால் டப்பாவின் மேலே இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். கிரீமும், துருவிய வேகாத தக்காளியும் உறையவைக்கும் சூப்பில் வேண்டாம். உருகவைத்துக் கொதிக்கவிட்ட பிறகு சேர்த்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு சேர்த்த சூப் உருகிய பின் சற்றுத் திரிதிரியாகத் தோன்றினால் பயப்பட வேண்டியதில்லை. சூடாக்கி மறுபடி ஒருமுறை அரைத்தால் சரியாகிவிடும்.

ஜூன் 24

இரண்டு மடங்கு அளவில் செய்கிறவர்களுக்கு: அதே பாத்திரத்தில் இரண்டு கிலோ தக்காளியைப் போட்டால் ஆவி வெளியேறும் பரப்பு கூடாது, ஆனால் வற்ற வேண்டிய தண்ணீர் இரட்டிப்பாகும். வற்றும் நேரமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதற்குள் காய்கறிகள் அடியில் பிடிக்கத் தொடங்கும். இரண்டு அகலமான பாத்திரங்களில் பிரித்துச் செய்து, அரைக்கும்போது ஒன்றாகச் சேருங்கள்.